பனிநிலத்துச் சாட்சிகளும் நமது மனச்சாட்சியும்



சென்ற மாதம் ஞாயிறு பூசை முடிந்தபின் ஒருவர் நம்மைக் காண வந்தார். நமக்கு நன்கு அறிமுகமானவர். மணல் ஏற்றும் டிப்பர் வாகனம் ஒன்று வைத்துக் குடும்பத்தைப் பார்ப்பவர். அதற்கு முந்திய ஞாயிறு பிரசங்கத்தில் கனகராயன் ஆற்றில் நடக்கும் மணல் அகழ்வு பற்றியும், காடழிப்புப் பற்றியும், பருவம் தப்பி வரும் மழை பற்றியும் நாம் சற்றுக் காரமாகவே பேசியிருந்தோம்.

"சுவாமி, போன கிழமை எங்களைக் குறிவைச்சுத்தானே கதைச்சனீங்கள்?" என்று தொடங்கியவர், சிறிது தயங்கிவிட்டுத் தமது கைத்தொலைபேசியை நம்மிடம் நீட்டினார். உயர்தர வகுப்பில் படிக்கும் மகன் எடுத்துக் கொடுத்த செய்தியாம். தென்துருவத்துப் பென்குயின் பறவைகளைப் பற்றியது.

"பாருங்கோ சுவாமி. மனிசரே இல்லாத இடம். ஐயாயிரம் வருசத்துக்கு முந்திப் பென்குயின் அங்க இருந்திருக்கு. குளிர் கூடின உடனை விட்டிட்டுப் போயிருக்கு. பிறகு வந்திருக்கு, திரும்பவும் போயிருக்கு. அங்க ஆர் டிப்பர் ஓடினது? காலநிலை எண்டது தன்ரபாட்டில மாறிற சாமான். அதுக்கு ஏன் எங்கட தலையில பாவத்தைக் கட்டுறியள்?"

நாம் உடனே விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. குருமடத்தில் மெய்யியலும் ஒழுக்க இறையியலும் படித்த நமக்குப் பென்குயினைப் பற்றி ஒருவரும் படிப்பிக்கவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்கிறேன், தம்பி" என்று அனுப்பிவைத்தோம். தேடிப் பார்த்ததையும், பார்த்தபின் நமக்கு நேர்ந்ததையும் வாசகராகிய உம்மோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் காட்டிய செய்தி பொய்யன்று.

அந்தாட்டிக்காக் கண்டத்தின் கரையில் றொஸ் கடல் என்று ஒரு கடல் உண்டு. அதன் கரையில் இரிசார் முனை என்று ஓரிடம். 1901 முதல் 1904 வரை அப்பகுதிக்குச் சென்ற ஸ்கொட் என்னும் ஆங்கிலேயரின் பயணக்குழு தொடங்கி, அதன்பின் வந்தவர் எவரும் அங்கே பென்குயின்கள் குஞ்சு பொரித்ததாக எழுதிவைக்கவில்லை. ஆயின் 2016ஆம் ஆண்டு சனவரி மாதம் அமெரிக்க ஆய்வாளரான ஸ்டீவன் எம்ஸ்லி அங்கே சென்றபோது, உருகிய பனியின் ஓரத்தில் குஞ்சுகளின் எலும்புகளும் எச்சக் கறையும், இறகோடு கிடந்த உடல்களும் தென்பட்டன. நேற்று இறந்தவை போல அவை புதிதாய் இருந்தன. அருகிலே கூழாங்கற் குவியல்கள் வேறு. அடேலி என்னும் இனப் பென்குயின்கள் சிறு கற்களைப் பொறுக்கி வந்து கூடு கட்டுபவை. அந்நிலத்தில் வேறெந்த விலங்கும் இப்படிக் கல் சேர்ப்பதில்லை. ஆகவே ஒரு பனிமுனையில் ஒரே அளவான கூழாங்கற்கள் குவிந்து கிடந்தால், அது ஒரு காலத்தில் பென்குயின்களின் குடியிருப்பு என்று துணிந்து சொல்லிவிடலாம்.

எம்ஸ்லி அவ்வெச்சங்களை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிக் காபன் முறையால் வயது கணித்தார். நேற்று இறந்தவை போலத் தோன்றியவை பல நூற்றாண்டுப் பழமை வாய்ந்தவை என்று தெரிந்தது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, குறைந்தது மூன்று தடவை பென்குயின்கள் அங்கே குடியேறியிருக்கின்றன. கடைசிக் குடியிருப்புச் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் முடிந்திருக்கிறது. அதன்பின் பனி மூடிக்கொண்டது. எண்ணூறு ஆண்டுகள் குளிர்ப்பெட்டியில் வைத்ததுபோல அவை கெடாமற் கிடந்து, அண்மைக்காலத்தில் பனி உருகவே வெளியே வந்திருக்கின்றன.

இத்தகைய கைவிடப்பட்ட குடியிருப்புகளை வைத்து அக்காலக் காலநிலையை எப்படி அறிகிறார்கள் என்று நீர் கேட்கலாம். அடேலிப் பென்குயினுக்கு மூன்று தேவைகள். கூடு வைப்பதற்குப் பனி மூடாத வெறுந்தரை வேண்டும். இரைதேடிப் போய்வரக் கரைக்குக் கிட்டவே திறந்த கடல் வேண்டும். குளிர்காலத்தில் தங்குவதற்கு மிதக்கும் கடற்பனியும் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அது அவ்விடத்தில் நில்லாது. கடற்கரையோரம் கடற்பனி கோடையிலும் விலகாமல் இறுகிக் கிடந்தால் தாய்ப்பறவை நெடுந்தூரம் நடந்து இரை கொண்டுவர வேண்டும்; குஞ்சு பட்டினியால் மடியும். எனவே ஓரிடத்தில் பென்குயின் வாழ்ந்த நூற்றாண்டில் அங்கே கோடையில் கடல் திறந்திருந்தது என்றும், விட்டுப்போன நூற்றாண்டில் அது அடைபட்டது என்றும் கொள்ளலாம். 1994இல் பரோனி, ஒரொம்பெல்லி என்னும் இத்தாலிய அறிஞர் இருவர் விக்ரோறியா நிலக் கரையோரத்தில் இவ்வாறு கைவிடப்பட்ட பல குடியிருப்புகளின் வயதை ஒப்பிட்டுப் பார்த்து, 3,000 முதல் 4,000 ஆண்டுகளுக்கு முன் பென்குயின்களுக்கு மிக வாய்ப்பான ஒரு காலம் இருந்தது என்று எழுதினார்கள். இன்று பறவையே இல்லாத முனைகளிலும் அன்று கூடுகள் இருந்தனவாம்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. தென்கடலின் ஆழத்து நீர் பழைய காபனைக் கொண்டது. அந்நீரில் இரையுண்ட பென்குயின் இன்று இறந்தாலும், காபன் கணக்கில் அது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்ததுபோலக் காட்டும்! அந்த அளவைக் கழித்துத்தான் உண்மையான வயதைச் சொல்கிறார்கள். சாட்சி சொல்பவரின் சுபாவமறிந்து சாட்சியத்தை நிறுக்க வேண்டும் என்பது நீதிமன்றத்துக்கு மட்டுமல்ல, ஆய்வுகூடத்துக்கும் உள்ள விதி போலும்.

வன்னியில் வாழும் நமக்கு இப்படிப்பட்ட வாசிப்பு அந்நியமானதன்று. 2009க்குப் பின் மீள்குடியேற்றத்துக்குச் சென்றவர்கள் இதனை நன்கறிவர். வீடு இருந்த இடத்தில் நாயுண்ணிப் பற்றை. ஆனாலும் அத்திவாரக் கல்லின் வரிசை, உடைந்த அம்மி, கட்டு இடிந்த கிணறு, மூலையில் நின்ற புளியமரம் ஆகியவற்றைக் கொண்டு, இது இன்னாருடைய வளவு, இங்கே அடுப்படி, இங்கே மாட்டுக்கொட்டில் என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னார்கள். ஆட்கள் போனாலும் வளவு பேசும். காட்டுக்குள்ளே மரம் முளைத்த குளக்கட்டுகள் எத்தனை! அவற்றைக் கட்டியவர் யார், விட்டுப்போனவர் யார் என்று பாட்டன்மார் சொன்ன கதைகளும் எத்தனை!

ஆனால் விட்டுப்போனதற்குக் காரணம் என்ன என்ற கேள்வி வேறு. அந்தக் குளங்கள் பாழானது மழை பொய்த்ததாலா, படையெடுப்பாலா, மலேரியாக் காய்ச்சலாலா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பென்குயின் விஷயத்திலும் அப்படியே. அந்தாட்டிக்காத் தீபகற்பத்தின் அருகே ஆட்லி என்று ஒரு தீவு உண்டு. அங்குள்ள ஏரியின் அடிச்சேற்றில் பறவை எச்சத்தின் இரசாயனக் குறிகளை அளந்து, 3,000 ஆண்டுகளில் பென்குயின் தொகை ஏறி இறங்கிய விதத்தை 2000ஆம் ஆண்டு சீன அறிஞர்கள் வெளியிட்டார்கள். குளிர் மிகுந்த காலத்தில் தொகை குறைந்தது என்பது அவர்கள் கண்டது. பின்னர் 2017இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் அதே தீவில் இன்னும் பழைய சேற்றைத் தோண்டிப் பார்த்தபோது வேறொரு காரணமும் தெரிந்தது. பக்கத்துத் தீவின் எரிமலை வெடித்துச் சாம்பல் கொட்டியதால், குறைந்தது மூன்று தடவை அந்தக் குடியிருப்பு ஏறக்குறைய அழிந்துபோயிற்றாம். மீண்டும் பழைய நிலைக்கு வர ஒவ்வொரு முறையும் 400 முதல் 800 ஆண்டுகள் சென்றன. ஆகவே கைவிடப்பட்ட கூட்டைக் கண்டவுடன் காலநிலைதான் காரணம் என்று தீர்ப்பிட முடியாது.

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டிருக்கையில், நமது காலடி மண்ணிலேயே ஒரு சாட்சி இருப்பதைக் கண்டு வியந்தோம். இரணைமடுவின் செம்மண்ணும் அதன் கீழேயுள்ள சரளைப் படையும் புவிச்சரித நூல்களில் "இரணைமடுப் படை" என்றே பெயர் பெற்றிருக்கின்றன. சிரான் தெரணியகல என்னும் தொல்லியலாளர் அச்சரளையில் ஆதிமனிதரின் கல்லாயுதங்களை ஆராய்ந்தவர். இவ்வகைப் படைகளின் வயதை ஏறக்குறைய 125,000 ஆண்டுகள் வரை பின்னே கொண்டுசென்றதோடு, அச்சரளைகள் மழை மிகுந்திருந்த ஒரு காலத்தைக் குறிக்கின்றன என்றும் விளக்கினார். நமது கமக்காரர்கள் கால்நடை மேய்க்கும் தரவையின் கீழே, வேறொரு மழையின் காலம் புதைந்து கிடக்கிறது! இன்னுமொன்று: வவுனியாவின் அடிப்பாறை உட்பட இந்நாட்டின் வடமேற்குப் பாறைத் தொகுதிக்குப் புவிச்சரிதவியலார் இட்ட பெயரே "வன்னித் தொகுதி". அதனை அவர்கள் கிழக்கு அந்தாட்டிக்காவின் பாறைகளோடு ஒப்பிட்டு ஆராய்கிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்வரை இரண்டும் ஒரே நிலப்பரப்பில் சேர்ந்திருந்தன. பென்குயினின் நிலமும் வன்னி நிலமும் ஒருகாலத்தில் அயல் வளவுகள் என்றால் மிகையாகாது.

ஆக, டிப்பர்க்காரர் சொன்னதில் பாதி உண்மை. காலநிலை மனிதருக்கு முன்பும் மாறியது. மனிதர் காரணமில்லாமலே மாறியது. இதை மறுப்பவர் விஞ்ஞானத்தை மறுப்பவராவார். பிரசங்க மேடையில் இதைச் சொல்லாமல் விட்டது நமது குறையே.

இனி மற்றப் பாதிக்கு வருவோம்.

எம்ஸ்லியும் அவருடைய சகபாடி ஒருவரும் 2007இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு உண்டு. தம்பி கொண்டுவந்த செய்தியில் அது இருக்கவில்லை. அடேலிப் பென்குயின் முட்டையோட்டுத் துண்டுகளைப் பழைய குடியிருப்புகளிலிருந்து சேர்த்து, 38,000 ஆண்டுக் காலத்துக்கு அப்பறவைகள் எதைத் தின்றன என்று பார்த்தார்கள். நாம் உண்ணும் உணவு நம் எலும்பில் அடையாளம் விடுவதுபோல, பறவையின் உணவு முட்டையோட்டில் அடையாளம் விடுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குளிரும் வெப்பமும் மாறிமாறி வந்தும் உணவில் பெரிய மாற்றம் இல்லை, பெரும்பாலும் மீன். ஆயின் ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குள் திடீரென ஒரு மாற்றம் ஏற்பட்டு, நம் கடலோரத்தார் கூனி என்பார்களே அதைப்போன்ற கிறில் என்னும் சிற்றுயிர் முக்கிய உணவாகிவிட்டது. காரணம் குளிருமல்ல, வெப்பமுமல்ல என்பது அவர்களின் முடிவு. அக்காலத்தில்தான் ஐரோப்பியரும் அமெரிக்கரும் தென்கடலுக்குக் கப்பலோட்டிச் சென்று, தோலுக்காகக் கடல்நாய்களையும் எண்ணெய்க்காகத் திமிங்கிலங்களையும் இலட்சக்கணக்கில் கொன்று குவித்தார்கள். அவை தின்றுவந்த கிறில் மிஞ்சியது. பென்குயின் அதற்கு மாறிக்கொண்டது. இலண்டன் மாநகரில் விளக்கெரிந்த எண்ணெய், மனிதரைக் கண்டேயிராத ஒரு பறவையின் முட்டையோட்டில் எழுதப்பட்டிருக்கிறது!

தம்பி எந்தச் சாட்சியை அழைத்து மனிதருக்கு விடுதலை கேட்டாரோ, அதே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் மனிதரின் கைரேகையையும் அது காட்டிக் கொடுக்கிறது.

இரண்டாவது கைரேகை நமக்கு இன்னும் நெருங்கியது. 1934, 35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயை நமது முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர். இலங்கை முழுவதும் பல பத்தாயிரம் பேர் மாண்டனர். வன்னிக்கு அக்காய்ச்சல் புதிதன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குப் பெண் கொடுக்கப் பயந்த காலமது. 1946ஐ அடுத்து வீடுவீடாக டி.டி.ரி. தெளித்தார்கள். 1963இல் நாடு முழுவதிலும் பதினேழு நோயாளர் மட்டுமே பதிவாயினர். பின்னர் நோய் திரும்பி வந்து, டி.டி.ரி. கைவிடப்பட்டு, வேறு மருந்துகளும் முறைகளும் பாவிக்கப்பட்டு, 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று வன்னியில் பச்சை வயல் விரிந்த குடியேற்றங்களில் பல, அந்த வெள்ளைத் தூள் இல்லாவிடில் தோன்றியிரா. அதைத் தெளித்தவர் கையை முத்தமிடலாம்.

அதே 1960களின் நடுவில் அந்தாட்டிக்காவின் அடேலிப் பென்குயின்களைச் சோதித்தபோது அவற்றின் கொழுப்பில் டி.டி.ரி. இருந்தது. அங்கே நுளம்புமில்லை, தெளித்தவருமில்லை. உலகின் வெப்பநாடுகளில் வயலுக்கும் வீட்டுக்கும் தெளித்தது காற்றில் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் படிந்து, கடலுயிர் வழியாகப் பறவையைச் சேர்ந்திருக்கிறது. பல நாடுகள் அதைத் தடைசெய்து பல்லாண்டுகள் சென்றபின், 2008இல் மறுபடியும் பார்த்தார்கள். அளவு எதிர்பார்த்தபடி குறையவில்லை. பனியாற்றுக்குள் உறைந்து கிடந்த பழைய மருந்து, பனி உருகும்போது மீண்டும் கடலுக்கு வருகிறது என்றார்கள்.

வாசகரே, இவ்விடத்தில் நாம் சிறிது நிற்க வேண்டும். டி.டி.ரி. தெளித்தவர் பாவம் செய்தாரா? இல்லை. பிள்ளைகளைக் காப்பாற்றினார். தென்துருவத்துப் பறவையை அவர் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. திமிங்கிலம் கொன்ற மாலுமி? அவன் பேராசைக்காரனாயிருக்கலாம். ஆனால் பென்குயின் முட்டைக்கு அவனைக் கணக்குக் கேட்க முடியாது. ஒழுக்க இறையியலில் நமக்குப் படிப்பித்த பழைய பாடம் ஒன்றுண்டு. அறியாமை இருவகைப்படும். எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒன்று. அது குற்றத்தை நீக்கும். நீக்கக்கூடியதாயிருந்தும் நீக்காத அறியாமை மற்றொன்று, அது நீக்காது. இந்த இரண்டாம் வகையிலும் மிகக் கெட்டது, தெரிந்தால் விடவேண்டி வருமே என்று அஞ்சித் தெரியாமலே இருக்க விரும்புவது.

காரணம் என்பதும் குற்றம் என்பதும் ஒன்றல்ல. மழையும் எரிமலையும் காரணமாகலாம், குற்றவாளியாக முடியாது. அறிவும் விருப்பமும் உள்ளவனே குற்றவாளியாக முடியும். எனவே "மனிதர் இல்லாத காலத்திலும் மாறியது" என்ற வாதம் எதை நிரூபிக்கிறது? வேறு காரணங்களும் உண்டு என்பதை மட்டுமே.

நமக்குத் தெரிந்த குளக்கட்டை எடுத்துக்கொள்வோம். வெள்ளத்தால் கட்டு உடைந்த குளங்கள் வன்னியில் ஏராளம். 1964 மார்கழிச் சூறாவளி வவுனியாவைக் கடந்து சென்றது. 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடானதை நாமே கண்டோம். இப்படியிருக்க, ஒருவன் மாரிகாலத்து இரவிலே அலவாங்கோடு போய்க் குளக்கட்டைக் குத்துகிறான் என்று வைத்துக்கொள்ளும். பிடித்து விசாரித்தால், "கட்டுகள் முந்தியும் உடைஞ்சதுதானே" என்கிறான். கமக்கார அமைப்புக் கூட்டத்தில் அவன் சொல் எடுபடுமா? மாறாக, "கட்டு உடையக்கூடியது என்று உனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் குத்தினாயே" என்றல்லவா கேட்பார்கள்? முன்பு உடைந்த கதை அவன் குற்றத்தைக் கூட்டுகிறதேயொழியக் குறைக்கவில்லை.

இரிசார் முனையின் பழைய கூடுகள் நமக்குச் சொல்வதும் அதுவே. காலநிலை கற்பாறை போல் அசையாதிருந்தால், நாம் என்ன எரித்தாலும் என்ன வெட்டினாலும் அஞ்ச வேண்டியதில்லை. அது சிறு காரணத்தாலும் அசையக்கூடியது. அசைந்தால் ஒரு கரை முழுவதும் எண்ணூறு ஆண்டு வெறுமையாய்க் கிடக்கும். அந்தாட்டிக்காவின் ஆழ்பனியில் அடைபட்ட காற்றுக் குமிழிகளைச் சோதித்தவர்கள், கடந்த 800,000 ஆண்டுகளில் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுப் பத்து இலட்சத்தில் 300 பங்கைத் தாண்டவில்லை என்று காட்டியிருக்கிறார்கள். கைத்தொழில்கள் பெருகுமுன் 280 பங்கு. இன்று 420க்கும் மேல். அலவாங்கு யார் கையில் என்பதில் இப்போது மயக்கமில்லை.

ஒரு குறிப்பிட்ட வெள்ளத்தையோ 2016, 17இல் வந்த வறட்சியையோ காட்டி "இதோ உமது பாவத்தின் பலன்" என்று சொல்ல நாம் துணியமாட்டோம். அப்படிச் சொல்பவர் எரிமலையை மறந்து பென்குயினுக்குத் தீர்ப்பெழுதியவரைப் போன்றவர். பென்குயின்களுக்கும் எல்லா இடத்திலும் ஒரே கதி நேரவில்லை. தீபகற்பத்தின் மேற்கே பாமர் ஆய்வுநிலையத்தைச் சூழ்ந்த தீவுகளில் 1970களின் நடுவில் சுமார் 15,000 சோடி அடேலிகள் கூடு கட்டின. இன்று அதில் சிறு பங்கே மிஞ்சியிருக்கிறது. றொஸ் கடலிலோ அவ்வாறு அழியவில்லை. 2022இல் பெலிங்ஸ்கவுசன் கடலில் பனி முன்கூட்டியே உடைந்தபோது, பேரரசப் பென்குயின்களின் ஐந்து குடியிருப்புகளில் நான்கில் குஞ்சுகள் நீரில் மாண்டன. நீர் ஒட்டாத இறகு அவற்றுக்கு இன்னும் முளைத்திருக்கவில்லை. இடத்துக்கிடம் கணக்கு வேறு. மொத்தக் கணக்கு நம் பக்கம் சாதகமாயில்லை.

"போனவை திரும்பி வந்தனவே" என்பதும் தம்பியின் வாதத்தில் ஒரு பகுதி. திரும்பி வந்தவை போனவையல்ல. அவற்றின் நூறாம் தலைமுறையும் அல்ல. இடையில் பட்டினியால் மடிந்த குஞ்சுகளுக்குக் கணக்கில்லை. இடம்பெயர்ந்து அகதிமுகாமில் இருந்தவருக்கு, "இன்னும் நானூறு வருடத்தில் இங்கே மறுபடி ஊர் உண்டாகும்" என்று ஒருவர் ஆறுதல் சொன்னால் எப்படியிருக்கும்? பறவைக்காவது வேறொரு முனைக்குப் போக வழியிருந்தது. காலபோகத்துக்கு விதைத்து, கடன்பட்டுப் பசளை போட்ட கமக்காரர் வயலைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்?

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். வன்னியில் உள்ளவர் எவ்வளவு எரிக்கிறார்? இலங்கையரொருவர் ஆண்டொன்றுக்குச் சராசரி 1 தொன் அளவில் காபனீரொட்சைட்டு வெளியிட, அமெரிக்கரொருவர் ஏறக்குறைய 14 தொன் வெளியிடுகிறார். திமிங்கில எண்ணெயில் விளக்கேற்றியதும் வன்னியாரல்லர். பெரிய கணக்குப் பெரிய வீட்டாரிடமே கேட்கப்பட வேண்டும். கேட்காமல் ஏழையின் சைக்கிளை நிறுத்திப் பிரசங்கம் செய்வது அநீதி. இதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் சிறிய கணக்கும் கணக்குத்தான். நாம் இதை எழுதுவது மின்விசிறியின் கீழே. அது சுழல நுரைச்சோலையில் நிலக்கரி எரிகிறது. ஆற்று மணலோ அமெரிக்கர் அள்ளுவதன்று. மழை குறையும் காலத்துக்கு நீரைப் பிடித்துவைப்பது அந்த மணல்தான். அதை அள்ளியபின் ஆற்றோரக் கிணறுகள் இறங்குவதைக் காபன் முறையால் அளக்க வேண்டியதில்லை; வாளிக் கயிறே அளந்து சொல்லும்.

இவ்வளவையும் ஒழுங்குபடுத்திக்கொண்டு, இரு வாரம் கழித்துத் தம்பியின் வீட்டுக்கே சென்றோம். குளக்கட்டு உவமையையும் சொன்னோம். அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அமைதியாகக் கேட்டார்; மகனும் கதவோரம் நின்று கேட்டான். முடிந்ததும் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர் சொன்னார்:

"சரி சுவாமி, தெரியாமச் செய்தால் குற்றமில்லை, தெரிஞ்சுகொள்ள விரும்பாமல் இருந்தால் குற்றம் எண்டுறியள். விளங்குது. கோயில் மண்டபத்துக்குப் போன வருசம் பதினொரு லோட் மணல் பறிச்சதே, அது எங்கயிருந்து வந்தது எண்டு நீங்கள் கேட்டனீங்களோ?"

நாம் கேட்கவில்லை. ஒப்பந்தக்காரர் விலை சொன்னார். மற்ற இடத்தைவிடக் குறைவாயிருந்தது. சபையும் நாமும் மகிழ்ந்து ஒப்பமிட்டோம். மணல் இரவில் வந்து இறங்கியதும் நமக்கு நினைவிருக்கிறது. நித்திரை குழம்பியதற்காக மறுநாள் முறையிட்டவர்களும் நாமே.

"நான்தான் ஏத்தினது" என்றார் அவர், நிலத்தைப் பார்த்தபடி.

வீடு திரும்பி, பங்குமனை அலுமாரியில் அவ்வருடத்துப் பற்றுச்சீட்டுக் கட்டை எடுத்துப் பார்த்தோம். பதினொரு லோட்டுக்கும் சீட்டிருக்கிறது. தொகையும் திகதியும் உண்டு. அனுமதிப்பத்திர இலக்கம் எழுத வேண்டிய கட்டம் ஒவ்வொன்றிலும் வெறுமையாயிருக்கிறது. வரும் ஞாயிறு பூசைக்குப்பின் மண்டபத்திலேயே சபை கூடுகிறது. அந்தப் பதினொரு சீட்டையும் மேசையில் வைப்பதாக இருக்கிறோம். தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.